ரெண்டையும் சுட்டாச்சு

அந்தச் சொல்லை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தது நான்தான். அதற்கு முன் அது வேறு சொல்லாக இருந்தது. நிரலை எழுதிச் சின்னச் சிப் ஒன்றுக்குள் ஏற்றுவதை, நான் ஆய்வுகூட உதவியாளராக இருந்த தொழில்நுட்பக் கல்லூரியில் 'எரிக்கிறது' என்றுதான் சொல்வோம். ஆங்கிலத்தில் அப்படி, நாங்களும் அதையே பிடித்துக்கொண்டோம். ஒருநாள் வேலை முடிந்து வந்த வேகத்தில் அக்காவின் குசினிக்குள் நின்று, "அத்தான், சிப் எரிச்சு முடிஞ்சுது!" என்று கத்தினேன். அக்கா அகப்பையோடு திரும்பினாள்.

"வீட்டுக்குள்ள நிண்டுகொண்டு என்னடி எரிக்கிற கதை? சுடலையிலயா நிக்கிறாய்? வேற சொல்லே கிடைக்கேல்லையா உனக்கு?"

"சரி, இனிச் சுடுறம்" என்றேன். அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் மூவருக்கும் அது சுடுகிறதாகிவிட்டது. சண்டை நடந்த அந்த நாட்களில் திருகோணமலையில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலையும் இருந்தது. அது எங்களுக்குத் தெரியாததல்ல. அடுப்பில் ரொட்டி இருந்ததால் ரொட்டி மட்டும்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அத்தான், என் அக்காவின் கணவர், துறைமுகத்தடியில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் மின்வேலை பார்த்தார். கடலுக்குப் போகத் தடை வந்தால் ஐஸ் விற்காது. ஐஸ் விற்காவிட்டால் அத்தானுக்கு வேலை நாள் குறையும். கோழி வளர்ப்போம் என்று அக்கா சொன்னாள். பாதை அடிக்கடி மூடுவதால் குஞ்சுகள் வருவதில்லை. முட்டை மட்டும் ஊருக்குள் இருந்தது. அத்தான் மீன் வைக்கிற, சூடு வெளியே போகாத வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்து, உள்ளே ஒரு பல்ப் பூட்டினார். சூடு கூடினால் முட்டை அவிந்துவிடும், குறைந்தால் குஞ்சு வராது. பல்பை வேளைக்கு வேளை அணைத்துப் போட ஒரு மூளை வேண்டும். மூளை என்றதும் நான் முந்திக்கொண்டேன். என் குணம் அது.

கொழும்பில் இருந்த என் சிநேகிதி இந்த மாதிரி வேலைக்கென்றே செய்த பலகை ஒன்றை வாங்கி, வயரைக் குத்தி, ஒரு பின்னேரத்தில் முடித்துவிடுவாள். வேண்டியதெல்லாம் அந்தப் பலகையிலேயே இருக்கும். எங்களுக்குப் பார்சலில் அப்படி ஒன்று வந்தால், ஆமிக்காரர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பிறகு எங்களைப் பிரித்துப் பார்ப்பார்கள். ஆகவே அவள் லீவில் வந்தபோது வெறும் சிப்புகளை மட்டும் வெள்ளித்தாளில் குத்திக் கைப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்து தந்தாள். மற்றதெல்லாம் நாங்கள் பொறுக்கியது. செத்துப்போன கொம்பியூட்டர் ஒன்றிலிருந்து கிரிஸ்டல், பழைய ரேடியோவிலிருந்து ஐந்து வோல்ற் ரெகுலேற்றர், தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து மிச்சம். அத்தான் ஈயம் வைத்தால் துளித்துளியாய்ப் பளபளக்கும். நான் வைத்தால் காகம் எச்சமிட்டது என்பார்.

முதல் தடவை சிப் ஒரு கூத்துக் காட்டியது. கையைக் கிட்டக் கொண்டுபோனால் சின்ன லைற் மின்னும், கையை எடுத்தால் குழம்பி நிற்கும். சிப்பின் கால்களில் ரீசெற் என்கிற ஒன்றை எதிலும் இணைக்காமல் அந்தரத்தில் விட்டிருந்தேன்.

"இது உன்னைப் போலத்தான் பிள்ளை" என்றார் அத்தான். "ஆரும் கிட்ட வந்தாத் துள்ளுது."

ஒரு மின்தடையைப் போட்டு அந்தக் காலை ஐந்து வோல்ற்றோடு கட்டியதும் சிப் அடங்கியது. கல்லூரியில் பழைய கொம்பியூட்டரின் பிரின்ரர் சொக்கெற்றில் வயர்களை ஒட்டி அங்கேயே சிப்பைச் சுடுவேன். வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கள் சேர்க்கிற்றில் குத்தி, பற்றரியைக் கொடுத்தால் போதும். கொம்பியூட்டர் வேண்டாம், பலகை வேண்டாம், தன்பாட்டில் நிற்கும். இதை நான் அக்காவுக்கு, பக்கத்து வீட்டுக்கு, கேட்காதவர்களுக்கும் விளங்கப்படுத்தினேன்.

கடைசியாக இரண்டு சிப் வேண்டியிருந்தது. ஒன்று சூட்டுக்கு, மற்றது முட்டையை இடையிடையே உருட்டி விடுகிற மோட்டருக்கு. இரண்டும் சரிவந்த மத்தியானம் எனக்குத் தலைகால் தெரியவில்லை. கல்லூரியில் இருந்தபடியே அத்தானின் போனுக்கு ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினேன்: "ரெண்டையும் சுட்டாச்சு. பின்னேரம் கொண்டு வாறன்."

நான் அக்கா வீட்டுக்குப் போனபோது, ஐஸ் தொழிற்சாலையில் அத்தானோடு வேலை செய்கிறவர் வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். வேலை முடிந்து வருகிற வழியில் செக்பொயின்ற்றில் அத்தானின் போனை வாங்கிப் பார்த்தார்களாம். ஏதோ மெசேஜாம். உள்ளே கொண்டுபோய்விட்டார்களாம்.

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. அக்கா அழுதுகொண்டே செருப்பைத் தேடினாள்.

"நீங்கள் நில்லுங்கோ அக்கா. உங்களுக்கு இதெல்லாம் சொல்ல ஏலாது. நான் விளங்கப்படுத்திறன்" என்றேன். சேர்க்கிற்றையும் இரண்டு சிப்பையும் பற்றரியையும் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றுக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். வழி முழுக்க என்ன சொல்வதென்று பாடமாக்கிக்கொண்டு போனேன். உண்மையைச் சொல்லப் போகிறவளுக்கு என்ன பயம் என்று நினைத்தேன்.

செக்பொயின்ற்றில் நன்றாகத் தமிழ் பேசத் தெரிந்த ஓர் இளம் அதிகாரி இருந்தார். மெசேஜ் அனுப்பியது நான்தான், சுடுகிறதென்றால் இதுதான் என்று சொல்லிப் பெட்டியைத் திறந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் எழுந்து தள்ளி நின்றார்கள்.

"இது என்ன?"

"முட்டை பொரிக்க வைக்கிற பெட்டிக்கு."

"முட்டை எங்கே?"

"இன்னும் வைக்கேல்ல."

"இதுக்குக் கொம்பியூட்டர் வேணுமா?"

"இல்லை. ஒருக்காச் சுட்டாப் போதும். பிறகு தானாவே வேலை செய்யும்."

"தானாவே?"

"ஓம். நேரம் வைச்சு விட்டா, ஆரும் கிட்ட நிக்கத் தேவையில்லை. சரியா அந்த நேரத்துக்கு ஓன் ஆகும்."

சொல்லும்போது என் குரலில் ஒரு பெருமை இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் நாக்கின் மேல் ஆத்திரம் வரும்.

அவர் பெட்டிக்குள் இருந்தவற்றை விரலால் தள்ளித் தேடினார். பிறகு, "ரொட்டி எங்கே?" என்றார்.

"என்ன ரொட்டி?"

"உங்கட அத்தான் திரும்பத் திரும்ப ஒண்டுதான் சொன்னார். மச்சாள் ரெண்டு ரொட்டி சுட்டு வைச்சிருக்கிறா, பின்னேரம் கொண்டு வருவா எண்டு. எனக்குத் தமிழ் தெரியும், ரொட்டியும் சுடுறதுதான் எண்டு நான் பெரியவருக்குச் சொன்னேன். உங்கட அத்தானை விட்டிடத்தான் இருந்தோம்." பெட்டியைப் பார்த்தார். "இப்ப, ரெண்டு பேரில ஒருவர் பொய்."

உள் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. கதிரையில் அத்தான் இருந்தார். என்னைப் பார்த்தார், மேசையில் கிடந்த சேர்க்கிற்றைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். கல்யாணமாகாத பெண் பிள்ளையை இந்த இடத்துக்குக் கூப்பிட்டுவிடக் கூடாது என்றுதான் அந்த மனிதர் என் சிப்பை ரொட்டியாக்கியிருந்தார். அது எனக்கு அப்போது தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும் வாய் சும்மா இருந்ததா? "அவர் என்னைக் காப்பாத்தத்தான் அப்பிடிச் சொன்னவர்" என்றேன்.

"இது முட்டைக்கு எண்டால், உங்களைக் காப்பாத்த என்ன இருக்கு?" என்று அவர் கேட்டார்.

அங்கே பெண் பொலிஸ் யாரும் இல்லாததால் அடையாள அட்டை இலக்கத்தை எழுதிக்கொண்டு என்னை அனுப்பினார்கள். சேர்க்கிற்றும் அத்தானும் அங்கேயே நின்றுவிட்டார்கள். அக்கா வாசல் படலையடியில் நின்றாள்.

"சொன்னியா? விளங்கினதா அவைக்கு?"

"ஓம் அக்கா. விட்டிடுவினம்" என்றேன். அன்று நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

விட்டார்கள், ஆனால் உடனே இல்லை. கொழும்பிலிருந்து வந்த யாரோ ஒருவர் சேர்க்கிற்றைப் பார்த்து, இது முட்டைக்குத்தான் என்று சொன்ன பிறகே விட்டார்கள். அதற்குள் அத்தானின் வலது கை தோளோடு செயலற்றுப் போய்விட்டது. அடித்தது யார், எதனால் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. கை தொங்கியது, அவ்வளவுதான். துறைமுகப் பாஸ் திரும்பக் கிடைக்கவில்லை. பாஸ் இல்லாதவரை ஐஸ் தொழிற்சாலையும் எடுக்கவில்லை. ஈயம் வைக்கிற கையும் இல்லை.

ஒருநாள் அக்கா கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவர் முன்னால் போய் நின்றேன். "அத்தான், நான் அங்க வராமல் இருந்திருந்தா…"

"நீ உண்மையைத்தானே சொன்னனி, பிள்ளை. பொய் சொன்னது நான்" என்றார். பிறகு வாசலைப் பார்த்துவிட்டு, "உன்ர அக்காவுக்கு இந்த ரொட்டிக் கதை வேண்டாம்" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன்.

அக்காவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தங்கச்சி தனியப் போய் நின்று உண்மையைச் சொன்னாள், அதனால்தான் கடைசியில் அவர்களுக்கு உண்மை விளங்கியது. இதை அவள் வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் சொல்வாள். "இவள் போனபடியாத்தான் மனுசன் உயிரோட வந்தவர். என்னப்பா?" என்று அத்தானையும் சாட்சிக்கு இழுப்பாள்.

அத்தான் "ஓம்" என்பார்.

எதையும் விளங்கப்படுத்தாமல் விடத் தெரியாத நான், அந்த இடத்தில் மட்டும் வாயைத் திறப்பதில்லை. அக்கா குழம்புச் சட்டியைக் கிளறி, நல்ல மீன் துண்டாகப் பார்த்து என் சோற்றுக் கோப்பையில் வைப்பாள். எதிரே அத்தான் இடது கையில் கரண்டியைப் பிடித்துச் சோற்றை மெதுவாக வாய்க்குக் கொண்டுபோவார். நான் அந்த மீனைச் சாப்பிடுவேன்.