குழாயில் கட்டிய பச்சை ஒயர்

தருமபுரியில் நாங்கள் குடியிருந்த வீட்டில் மின்சாரம் என்றால் பல்பும் ஃபேனும்தான் என்று நினைத்து ஒயரிங் செய்திருந்தார்கள். சுவரில் மரச்சட்டம், அதன்மேல் இரண்டு ஒயர், பிளக்குக்கு இரண்டு துளை. எங்கள் பழைய கிரைண்டர் மரப்பெட்டிக்குள் இருந்ததால் அதற்கு அதுவே போதுமாக இருந்தது. எண்பதுகளின் நடுவில் அது புகைந்து நின்றுபோக, கோயம்புத்தூரிலிருந்து தகர உடம்பு வைத்த புதியது ஒன்றை வரவழைத்தோம். அதன் பிளக்கில் மூன்று கால்.

என் கணவர் கூட்டுறவு சங்கத்தில் எழுத்தர். வீட்டில் ரேடியோ ரிப்பேர் செய்வார். சரியாகச் சொன்னால் ரேடியோவைத் திறப்பார். புதிய பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு இரண்டுகால் பிளக் மாட்டினார். மிச்சம் நின்ற பச்சை ஒயரை மடக்கி டேப் சுற்றினார். அது சும்மா அழகுக்கு விட்டது என்றார்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் எங்கள் வீட்டில் இட்லி இருந்தாக வேண்டும். அதனால் சனிக்கிழமை மாவாட்டினேன். மாவைத் தள்ளிவிடக் கை வைத்ததும் தோள்வரை ஏதோ கடித்தது. அவரைக் கூப்பிட்டேன். வந்து தொட்டுப் பார்த்தார், ஒன்றுமில்லை. நான் தொட்டேன், கடித்தது. அவர் காலில் எந்நேரமும் ரப்பர் செருப்பு இருக்கும். நான் சமையலறைக்குள் செருப்பு போடுவதில்லை. இந்த வித்தியாசம் அன்று இருவருக்கும் உறைக்கவில்லை.

“ஆட்ட முடியலைன்னா முடியலைன்னு சொல்லு. கெரண்டர் மேல பழி போடாத” என்றார்.

அப்படியானால் நீங்களே ஆட்டுங்கள் என்று எழுந்துவிட்டேன். அடுத்து வந்த சனிக்கிழமைகளில் அவரே ஆட்டினார். ஒரு கையில் பேப்பர், ஒரு கை மாவில், முகத்தில் எனக்கான ஒரு சிரிப்பு. ஒருநாள் செருப்பின் வார் அறுந்தது. செருப்பைத் தைக்கக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்தார். பேப்பர் ஒரு பக்கம் பறந்தது. மாவு சுவரில் இருந்தது. நான் சுவிட்சை அணைத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஒயர்மேனைக் கூட்டி வரப் போனார்.

ஒயர்மேனுக்கு எல்லாமே ரூல்ஸ்தான். டீயில் சர்க்கரை வேண்டாம் என்பதையும் அப்படித்தான் சொல்வார். பழைய வீட்டில் இரும்பு உடம்பு மிஷின் மாட்டினால் எர்த் கட்டாயம்; கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடத்தான் அந்தப் பச்சை ஒயர். மண்ணில் குழி தோண்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, அங்கிருந்து தனி ஒயர் இழுக்க வேண்டும் என்றார். அதுவரை கிரைண்டரைப் போடக் கூடாது என்றார்.

வீட்டின் சொந்தக்காரர் ஒரு துணி வியாபாரி; முன்பக்கத்தில் அவர் குடும்பம் இருந்தது. எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். முற்றத்தில் அவர் பிள்ளைபோல் வளர்த்த மாதுளைச் செடி ஒன்று இருந்தது. உப்பு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் குழிப் பேச்சே வேண்டாம் என்றுவிட்டார்.

என் கணவர் இரண்டு நாள் யோசித்தார். பிறகு பச்சை ஒயரை நீட்டி, ஜன்னல் வழியாக வெளியே விட்டு, முற்றத்துத் தண்ணீர்க் குழாயில் இறுக்கிக் கட்டினார்.

அன்று சாயங்காலம் உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பாய் தொழுகைக்குக் கைகால் கழுவ வந்து குழாயைத் தொட்டார். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு, துணியை அநியாய விலைக்குக் கேட்டவரைப் பார்ப்பதுபோலக் குழாயைப் பார்த்தார். இன்னொரு தரம் விரலை வைத்தார். பிறகு நிதானமாக எங்கள் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, குழாய்ல கரண்டு விட்டிருக்கீங்களா?”

நான் ஓடிப்போய் கிரைண்டரை நிறுத்தினேன். என் கணவர் வெளியே வந்தார்.

“அது எர்த்துங்க பாய். பைப்பு மண்ணுக்குள்ளதான போவுது?”

“எந்த மண்ணுக்குள்ள? மாடித் தொட்டியில இருந்து எறங்குதுங்க. தொட்டி கட்டுனதே நான்தான்.”

மூவரும் அண்ணாந்து பார்த்தோம். பைப் மொட்டை மாடியிலிருந்து சுவரோடு இறங்கி, தரைக்கு ஒரு முழம் மேலேயே குழாயாக முடிந்திருந்தது. எங்கள் எர்த் ஆகாயத்தில் இருந்தது.

பாய் கோபப்படவில்லை. கையை உதறிக்கொண்டே, நாளைக்கே குழி தோண்டச் சொன்னார். மாதுளைக்கு எட்டாத இடம் என்று அவரே தேடிப் பார்த்ததில், அவர் வாசலுக்கு நேர் எதிரேதான் இடம் கிடைத்தது. கரியும் கல்லுப்பும் குழிக்குள் இறங்குவதைத் தெருவே நின்று பார்த்தது. யாரோ வைத்த செய்வினையை எடுக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. பாயின் மனைவி இது கிரைண்டருக்கு என்று விளக்கம் சொன்னார். கிரைண்டருக்கே வைத்துவிட்டார்களா என்று எதிர்வீட்டு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஒயர்மேன் தனி ஒயர் இழுத்து, மூன்று துளை பிளக் பாயிண்ட் வைத்து, கிரைண்டருக்கு மூன்றுகால் பிளக்கும் மாட்டிக் கொடுத்தார். கசிவு எங்கே என்று மோட்டாரைத் திறந்து அதையும் சரிசெய்தார். ஆனாலும் முதலில் தொட யாருக்கும் கை வரவில்லை. பாய் என் கணவரின் செருப்பைக் கண்ணால் காட்டினார். அவர் அதைக் கழற்றிவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, புறங்கையால் தொட்டார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு உள்ளங்கையை வைத்தார்.

“ஒண்ணும் இல்லைங்க” என்றார், ஏதோ குறை சொல்வதுபோல.

மறுநாள் முன்பக்கத்துக்கு இட்லி கொடுத்தனுப்பினேன். அடுத்த சனிக்கிழமை, நாங்கள் எழுந்திருக்கும் முன்பே, ஊறவைத்த அரிசியும் உளுந்தும் இரண்டு பாத்திரங்களில் எங்கள் வாசலில் இருந்தன. பாயின் மனைவி வைத்துவிட்டுப் போனது. இரண்டு வீட்டுக்கும் என் கணவர்தான் ஆட்டினார்.