சண்டை என்று குறித்த காட்சி

பின்லாந்தின் தம்பெரே நகரத்தில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் துணி துவைக்க ஒரு பொது அறை இருக்கிறது. எந்திரம் ஓடி முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்து திருவொற்றியூருக்குப் போன் போடுவது என் வழக்கம். போன வாரம் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அம்மாள் துணிக்கூடையோடு வந்து, உள்ளே வராமல் கதவருகிலேயே நின்றார். நான் போனை வைத்ததும் மெல்லக் கேட்டார்: "உனக்கு ஏதாவது தொந்தரவா? யாரையாவது கூப்பிடட்டுமா?" எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அம்மா அன்று நெத்திலிக் குழம்பு வைத்திருந்தாள், அதைக் கேட்டு நான் வயிறெரிந்து கத்தினேன், அவ்வளவுதான். "குழம்பைப் பற்றித்தான் பேசினோம்" என்றேன். "குழம்பா?" என்றார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாக இருந்தால்தான் நிம்மதியாக உட்காரும் ஜனங்கள் இவர்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. "கீடோஸ்" என்று நன்றி சொல்லிவிட்டு என் துணிகளை எடுத்துக்கொண்டு வந்தேன்.

பார்க்கப்போனால் என் பிழைப்பே இதுதான். சினிமாவும் செய்திச் சேனல்களும் வடசென்னையை எப்படிக் காட்டுகின்றன, பார்க்கிறவர்கள் அதில் எதை நம்பி எழுந்து போகிறார்கள் என்று இங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். வேலை செய்யும் விதம் எளிது. துண்டு துண்டாகக் காட்சிகளை எடுத்துக்கொண்டு இரண்டு பேர் தனித்தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். சண்டை, மிரட்டல், வேலை, குடும்பம், கொண்டாட்டம் என்று ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். முடியும்வரை ஒருவரோடு ஒருவர் கலந்து பேசக்கூடாது. கடைசியில் ஒப்பிடும்போது இருவரும் பெரும்பாலும் ஒரே பெயரை வைத்திருந்தால்தான் ஆராய்ச்சி நிற்கும், இல்லாவிட்டால் செல்லாக்காசு.

என்னோடு குறித்தவள் கார்த்திகா. கோயம்புத்தூர்ப் பெண், முதுகலை படிக்க இங்கே வந்தவள், சென்னையில் தியாகராய நகரைத் தாண்டி வடக்கே போனதில்லை. ஒப்பிட்டுப் பார்த்த அன்று எங்கள் குறிப்புகள் எலியும் பூனையுமாக இருந்தன. காசிமேட்டைப் பற்றிய ஒரு செய்தித் தொகுப்பில் ஏலம் நடக்கும் இடத்தில் பெண்கள் கையை நீட்டிக் கத்துகிறார்கள். நான் 'வேலை' என்று குறித்திருந்தேன், அவள் 'சண்டை' என்று.

"அக்கா, அந்தம்மா அடிக்கக் கை ஓங்கறாங்களேங்க?"

"அது விலை கேக்குற கை, கார்த்திகா. கூடை வேற ஆளுக்குப் போயிடக் கூடாதுன்னு நீட்டுறாங்க."

"அப்பறம் எதுக்குங்க அப்படித் திட்டறாங்க?"

"திட்டல. பேசுறாங்க."

எதிர்வீட்டு அம்மாளின் அதே பார்வை அவள் முகத்திலும் இருந்தது. எனக்கு அது பழகிய பார்வைதான். கல்லூரிக்கு முதல்நாள் போனபோது பக்கத்தில் உட்கார்ந்தவள் ஊர் கேட்டாள். திருவொற்றியூர் என்றதும், "அய்யோ, அங்கல்லாம் பொண்ணுங்க வெளிய போவாங்களா?" என்றாள். "போவாங்களே, உன் பக்கத்துல வந்து உக்காந்திருக்கேன் பாரு" என்றேன். அதற்கப்புறம் படிப்பு முடியும்வரை அவள்தான் என் நெருங்கிய தோழி. ஆனாலும் எங்கள் வீட்டுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.

என் வழிகாட்டிப் பேராசிரியர் பைவி, அதிர்ந்து பேசாதவர். குறிப்புகளைப் பார்த்துவிட்டு, "நீ அந்த ஊர்க்காரி. ஊர்மேல் உனக்குப் பாசம் இருக்கும். உன் குறிப்புகளை விட்டுவிட்டு இன்னொரு வெளியாளை வைத்துக்கொள்ளலாமே" என்றார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. என் ஊரைப் பற்றிய என் ஆராய்ச்சியில் என் கண்ணுக்கு மட்டும் இடமில்லையாம். "கார்த்திகாவுக்கு அந்தக் கடற்கரையைத் திரை காட்டித்தான் தெரியும். இன்னொரு வெளியாளுக்கும் அப்படித்தான். ஒரே படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் ஒத்துப்போகாமல் என்ன செய்வார்கள்?" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. பைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நெடுநேரம் பேசவில்லை. இந்த ஊரில் அதற்குக் கோபம் என்று அர்த்தமில்லை, யோசிக்கிறார் என்று அர்த்தம். "விடுமுறைக்கு ஊருக்குப் போகிறாயே, இதே காட்சிகளை அவர்களுக்குப் போட்டுக் காட்டு. அவர்களும் உன்னைப் போலவே பார்த்தால் உன் குறிப்புகள் இருக்கட்டும்" என்றார். ஜெயித்தாயிற்று என்றுதான் நான் விமானம் ஏறினேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம், பிரியாணித் தட்டும் கையுமாக எல்லாரையும் டிவி முன்னால் உட்கார வைத்தேன். அம்மா, காசிமேட்டில் மீன் எடுத்து விற்கும் பக்கத்து வீட்டு மேரியக்கா, தம்பி சேகர், அவனோடு சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் வேலை பார்க்கும் ரவி. ரவிக்கு வியாசர்பாடி. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இருவரும் ஒரே தட்டில் சாப்பிடும் தோஸ்துகள். முதலில் ஏலக் காட்சியைப் போட்டுவிட்டு, "இது சண்டையா?" என்று கேட்டேன்.

மேரியக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சண்ட? ஏலம் போய்கினு கீது. அந்தப் பச்சப் பொடவ வுடாது பாரு, எட்த்துனு போய்டும்."

அப்போதே பட்டத்தைக் கையில் வாங்கிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. அந்தத் தெம்பில் அடுத்த காட்சியைப் போட்டேன். வியாசர்பாடிப் பக்கம் எடுத்த படம். ஹவுசிங் போர்டு ப்ளாக் ஒன்றின் படிக்கட்டில் நாலைந்து பையன்கள் தடதடவென்று இறங்கி ஓடுகிறார்கள். எதற்கு ஓடுகிறார்கள் என்று தெரிவதற்குள் காட்சியை வெட்டியிருந்தேன். பின்னணியில் மேளம் மட்டும் அதிர்கிறது. மேளத்தை வைத்து நான் 'கொண்டாட்டம்' என்று குறித்திருந்தேன்.

"எவனையோ போடப் போறானுங்க" என்றான் சேகர், சற்றும் யோசிக்காமல். அம்மாவும் மேரியக்காவும் தலையாட்டினார்கள்.

"எத்த வெச்சு சொல்ற?" என்றேன்.

"இதுல இன்னாக்கா கீது? அந்த ஏரியா அப்டித்தான்."

சுவரில் சாய்ந்திருந்த ரவி நிமிர்ந்து உட்கார்ந்தான். "மாமு, நான் எந்த ஏரியாடா?"

சேகர் நாக்கைக் கடித்துக்கொண்டான். "டேய், நீ வேறடா. உன்ன சொல்வனா?"

"எங்க ப்ளாக்ல தண்ணி லாரி வந்தாலும் இப்டித்தான்டா ஓடுவோம்" என்றான் ரவி. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பினான். "யக்கா, நான் இங்க வரேன்னு சொன்னா எங்கம்மா இன்னா சொல்லும் தெரியுமா? அவனுங்க கடலாண்ட ஆளுங்க, பாத்து போய்ட்டு வாடான்னும்."

அம்மா சட்டென்று எழுந்துபோய், ரவி வேண்டாம் என்று சொல்லியும் அவன் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணியைப் போட்டாள்.

எனக்குத்தான் தலை சுற்றியது. எங்களைப் பற்றித் திரை சொல்வது பொய் என்று சத்தியம் செய்கிறவர்கள், பக்கத்துப் பேட்டையைப் பற்றி அதே திரை சொல்வதை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளூர்க் கண் சரியான கண் என்று சொல்லிக்கொண்டு வந்தவளுக்கு இது நல்ல பரிசு. அடுத்த ஞாயிறு ரவி என்னை அவன் ப்ளாக்குக்கு அழைத்துப் போனான். படிக்கட்டுக் காட்சியைப் பார்த்த அவன் அம்மா "பசங்க வெளாட்றானுங்க" என்றார். ஏலக் காட்சியைப் பார்த்ததும், "அய்யய்யோ, இன்னா அடி அடிச்சிக்கிறாளுங்க" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். படிக்கட்டுக் காட்சியை மட்டும் எடுத்துவிட்டால் என் குறிப்புகள் தப்பித்துவிடும் என்று ஒரு யோசனை வந்தது, மறைப்பானேன். ஆனால் ரவி சிரித்த சிரிப்பு மனசைவிட்டுப் போகவில்லை. அதை நான் விட்டால் வேறு யார் எழுதப் போகிறார்கள்?

திரும்பி வந்து பைவியிடம் எதையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் வழக்கம்போல ஜன்னலைப் பார்த்தார். "அப்படியானால் யாருடைய குறிப்பை வைத்துக்கொள்வது?" என்றார்.

"எல்லாருடையதையும்தான். எங்கிருந்து பார்த்தார்கள் என்று ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் எழுதுவோம். திரை ஜனங்களை என்ன செய்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று கிடைக்காது."

இந்தமுறை என் குரல் உயரவில்லை. பைவி தலையசைத்தார். வெளியே காத்திருந்த கார்த்திகா, "அப்ப நான் குறிச்சது தப்பில்லீங்களா அக்கா?" என்றாள். "நீ குறிச்சதுதான்டி பாதி ஆராய்ச்சியே" என்றேன். அடுத்த விடுமுறையில் காசிமேட்டுக்கு வரப்போவதாகச் சொல்லியிருக்கிறாள், அவளுக்குச் சுடச்சுட மீன் வறுத்துப்போட மேரியக்கா ஒப்புக்கொண்டாயிற்று.

இன்று யார் எங்கிருந்து பார்த்தார்கள் என்ற விவரங்களை எழுத உட்கார்ந்தேன். கார்த்திகாவுக்குக் கோயம்புத்தூர். ரவியின் அம்மாவுக்கு வியாசர்பாடி. நடுவில் சேகர் வீடியோ காலில் வந்தான். மொட்டை மாடியில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். எதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன்.

"என்னிய இன்னான்னு போட்ட?"

"திருவொற்றியூர்னு."

"உன்ன?"

அந்த இடத்தை இன்னும் நிரப்பவில்லை என்றேன். "இன்னாக்கா, நம்ம வூடு மறந்துபூச்சா?" என்று கேட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். என் போன் முழுக்க அவனும் அவன் வெயிலும்தான். ஓரத்துச் சின்னக் கட்டத்தில், பனி கொட்டும் ஜன்னலுக்கு முன்னால் நான். அவன் கையிலிருக்கும் போனில் இதே நேரம் என் பனி முழுக்கத் தெரியும், திருவொற்றியூர் அந்த ஓரத்தில் இருக்கும்.