ராஜமணி அண்டாவுக்குள் பாடிய பாட்டு

போடி பஜாரில் பித்தளைக் கடை ராஜமணியை வள்ளல் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் 1983 முதல் மூன்று வருஷம் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதற்கும் அவர் ஓசியில் கேசட் வழங்கியது சரித்திரம். பஸ்களுக்கும் டீக்கடைகளுக்கும் கொடுத்தார். யாராவது கையை நீட்டினால் அவர்களுக்கும் கொடுத்தார். சினிமாப் பாட்டு, நாடக வசனம், கோயில் கொட்டு எல்லாவற்றையும் ஒட்டுத் தெரியாமல் சேர்த்த கதம்பம் அது. ஓசியென்றால் தனக்கு ஒன்று, தன் அப்பனுக்கு ஒன்று என்று கேட்பதுதான் நம் மரபாகையால், கேசட்டுகள் சீக்கிரமே ஊர் ஊராகப் பரவின.

வள்ளல்தன்மைக்குள் ஒரு சூது இருந்தது. ஒவ்வொரு கேசட்டிலும் மூன்றாவது பாட்டு, ராஜமணியே கட்டிப் பாடியது. காசு கொடுத்து வாங்கினவன் பிடிக்காத பாட்டுக்குச் சண்டைக்கு வருவான். ஓசியில் வாங்கினவன் கேட்டுத்தானே ஆகவேண்டும்? எக்கோ மெஷினுக்கு வழியில்லாததால், விற்பனைக்கு வைத்திருந்த பெரிய அண்டாவுக்குள் தலையை விட்டுப் பாடினார். நகலெடுத்தால் குரலில் உயிர் போய்விடும் என்று ஒவ்வொரு கேசட்டுக்கும் புதிதாகவே பாடினார். தன் பாட்டைத் தானே வைத்துக் கேட்பது வேதக்காரனுக்கு, அதாவது கிறிஸ்தவனுக்கு, அழகல்ல என்று ஒன்றைக்கூட வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை.

1986 மாசியில் தொண்டையில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. கட்டி போயிற்று. பாட்டும் போயிற்று. மிஞ்சிய குரல், மனைவி கிருபாவதியிடம் காப்பி கேட்க மட்டும் போதுமானதாக இருந்தது.

பங்குனியில் மதுரையிலிருந்து கேசட் கம்பெனி வைகுண்டராஜ் வந்தார். தை மாதம் குமுளி பஸ்ஸில் அந்த மூன்றாவது பாட்டைக் கேட்டாராம். டிரைவரிடம் விலாசம் வாங்கினாராம். அந்தக் குரலை அப்படியே கேசட்டாகப் போட்டு விற்கப்போவதாகவும், சனிக்கிழமை மத்தியானத்துக்குள் ஒரு பிரதியைத் தேனி லாட்ஜில் கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். ராஜமணி தலையாட்டினார். நூற்றுக்கணக்கில் கொடுத்ததில் ஒன்று கிடைக்காதா?

முதலில் அந்தக் குமுளி பஸ் டிரைவர் முத்துவீரனைப் பிடித்தார். அழித்துப் பதிய முடியாதபடி கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு காதுகளையும் ஒடித்துத்தான் ராஜமணி கொடுப்பது வழக்கம்.

"காதை ஒடிச்சிருந்தீகண்ணே. பேப்பரை மடிச்சுச் சொருகினேன், அருமையாப் பதிஞ்சிருச்சு. போன மாசம் நடந்த எம்மக சடங்கு. கேக்குறீகளா?"

கேட்டார். மூன்றாவது பாட்டு இருந்த இடத்தில் யாரோ ஒலிபெருக்கியில் மாமன் சீர்த் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். மொத்தம் இருபத்தொன்று.

சின்னமனூர் டீக்கடையில் முளைப்பாரிக் கும்மி. உத்தமபாளையத்தில் ஒரு குழந்தையின் அழுகை. அந்தக் குழந்தையே இப்போது பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் அழுகையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. காசு கொடுத்து வாங்கிய கேசட்டுகளை மட்டும் எல்லா வீட்டிலும் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், அழிக்காத கேசட் ஒன்று அனுமந்தன்பட்டி மொக்கம்மாளிடம் இருப்பதாகத் துப்புக் கிடைத்தது. அவள் வீட்டில் பாட்டுப்பெட்டியே கிடையாது. ஆகவே நிச்சயம் அழித்திருக்க முடியாது. ராஜமணிக்கு இந்தத் தர்க்கம் மிகவும் ஆறுதலாக இருந்தது.

மொக்கம்மாள் திராட்சைத் தோட்டத்தில் இருந்தாள். கேசட் எங்கே என்று அவர் கம்மிய குரலில் கேட்டதும் மேலே கையைக் காட்டினாள். பந்தலுக்கு மேல், கல்லுக்கால் விட்டுக் கல்லுக்கால், முழம் முழமாக அறுத்துக் கட்டிய பழுப்பு நாடா, காற்றில் 'உய்ங்' என்று அதிர்ந்துகொண்டிருந்தது.

"எங்க வீட்டுல பெட்டி இல்ல தம்பி. சும்மா குடுத்தாக, வேண்டாம்னா சொல்லுறது? ஆனா ஒண்ணு சொல்றேன், இதக் கட்டுனதுலருந்து ஒரு கிளி எறங்கல."

ராஜமணி ஒரு துண்டுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார். அண்டாவோ குரலோ எதுவும் அதில் கேட்கவில்லை. அவிழ்த்து ஒட்டலாமா என்று முடிச்சுகளை எண்ணத் தொடங்கி, நாற்பதோடு விட்டுவிட்டார்.

"கெழக்குப் பக்கம் இன்னும் காலியாக் கெடக்கு. இருந்தா ரெண்டு குடுத்தனுப்புப்பா."

மாட்டேன் என்று சொல்ல ராஜமணி வாயெடுத்தார். குரல் வரவில்லை. அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம்வரை காத்திருந்துவிட்டு வைகுண்டராஜ் மதுரை பஸ் ஏறினார். அந்த நேரத்தில் ராஜமணி அனுமந்தன்பட்டித் தோட்டத்தில் முக்காலிமேல் நின்றுகொண்டு, இன்னும் பிரிக்காத புதுக் கேசட் இரண்டின் நாடாவை உருவிக் கிழக்குப் பக்கம் கட்டிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டினால் சத்தம் நல்லாக் கேட்கும் என்று மொக்கம்மாள் கீழிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் இழுத்துக் கட்டினார்.