இறாலுக்குப் பிறகு ஒரு துண்டு சங்கரா

எந்த மீன் உனக்குப் பிடிக்கும் என்று முன்பு யாராவது கேட்டிருந்தால், மீனை விட இறால்தான் என்று யோசிக்காமல் சொல்லியிருப்பேன். நான் பிறந்து வளர்ந்தது கொடுமுடி. அங்கே எங்களுக்கு ஆற்று மீன்தான், கெண்டையும் ஜிலேபியும். கல்யாணமாகிச் சோமனூர் வந்த பிறகுதான் கடல் மீன் பழகியது. கணவருக்கு விசைத்தறிக்கூடம். தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலேயே உக்கடம் மீன் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவார். சங்கரா கொண்டுவந்தால் குழம்பு. நெத்திலி என்றால் மொறுமொறுவென்று வறுவல். இறால் கொண்டுவந்தால் மட்டும் நான் வேறு யாரையும் அடுப்பங்கரைக்குள் விடமாட்டேன். சின்ன வெங்காயமும் தேங்காய்ச் சில்லும் போட்டு, மிளகு இடித்துத் தூவி, சட்டியில் ஒட்டும் வரை சுருள வதக்கி, கடைசியில் அந்தச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிடுவேன்.

அப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உள்ளங்கை அரித்தது. மிளகாய் பட்டிருக்கும் என்று நினைத்துக் கழுவினேன். கழுவக் கழுவ அரிப்பு மணிக்கட்டைத் தாண்டி ஏறியது. உதடு தடித்துப் போனது எனக்கே தெரிந்தது. தண்ணீர் குடித்துப் பார்த்தேன். தண்ணீர் இறங்குவதற்கு இடமில்லாதது போல வாயிலேயே நின்றது.

"ஏனுங்க, தொண்ட என்னமோ பண்ணுதுங்க" என்றேன். என் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

கணவர் நிமிர்ந்து பார்த்தார். "முள்ளு ஏதாச்சும் சிக்கிருச்சா அம்மணி? வெறுஞ்சோத்த உருட்டி முழுங்கு." சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே உறைத்துவிட்டது. இறாலுக்கு ஏது முள்? கையைக்கூடக் கழுவாமல் கார் சாவியை எடுத்தார்.

பக்கத்து ஆஸ்பத்திரி ரொம்பத் தூரமில்லை. ஆனால் அந்த வழி நீண்டுகொண்டே போனது. முன்சீட்டில் உட்கார்ந்து மூச்சை இழுத்தேன். விசில் போன்ற சத்தத்துடன் கொஞ்சம் காற்று மட்டும் உள்ளே போனது. பின்சீட்டில் எங்கள் மகள். அப்போது நான்காம் வகுப்பு. அவள் அழவில்லை. இருக்கையின் இடுக்கு வழியாக என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு திருப்பத்தில் லாரி ஒன்று சாலைக்குக் குறுக்கே ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. கணவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவேயில்லை. "வந்தாச்சு கண்ணு, வந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எதுவும் வரவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. இந்தப் பிள்ளை கண் முன்னால் நான் போய்விடக் கூடாது என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே நினைப்பு.

ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள். "பிரஷர் இறங்குது" என்று யாரோ சத்தமாகச் சொன்னார்கள். பிறகு இதயம் நெஞ்சுக்கூட்டை உடைத்துவிடும் போல அடித்துக்கொண்டது, மூச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. பிழைத்துவிட்டேன் என்று நம்பி, கணவரிடம் காபி கூடக் கேட்டேன். சாயங்காலம் அதே அரிப்பு மறுபடி உள்ளங்கையில் தொடங்கியது. முதல் தடவை என்ன நடக்கிறது என்று தெரியாமல் பயந்தேன். இரண்டாம் தடவை தெரிந்தே பயந்தேன், அதுதான் கொடுமை. நல்லவேளை, ஆஸ்பத்திரியிலேயே படுத்திருந்ததால் உடனே ஊசி போட்டு அடக்கினார்கள்.

பிறகு கோயமுத்தூரில் ஒரு அலர்ஜி டாக்டரம்மாவிடம் போனோம். பரிசோதித்துவிட்டுச் சொன்னார். "இனிமே இறால், நண்டு பக்கமே போகாதீங்க. மீன் வேற வகை, அது உங்களுக்கு ஒத்துக்கலாம். ஆனா ஊட்ல நீங்களா சாப்பிட்டுப் பாக்க வேண்டாமுங்க. இங்க வந்து எங்க முன்னாடி சாப்பிடுங்க." அவசரத்துக்கு மருந்தும் சிரிஞ்சும் ஒரு சிறு டப்பாவில் போட்டுக் கொடுத்து, எப்படிப் போடுவது என்று கணவருக்கும் சொல்லிக் கொடுத்தார்.

நான் போகவில்லை. மீனே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வீட்டில் மீன் சட்டி பரணுக்குப் போனது. கணவர் ஞாயிற்றுக்கிழமை கோழிக்கு மாறினார். அதோடு பயம் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். அது தயிர்சோற்றுக்கும் வந்தது. முதல் வாய் வைத்ததும் கை தானாகத் தொண்டைக்குப் போகும். எச்சில் இறங்குகிறதா என்று விழுங்கி விழுங்கிப் பார்ப்பேன். வெளியே யார் வீட்டிலும் தண்ணீர் தவிர எதுவும் தொடமாட்டேன். பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கும் வாசம் வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளறையில் போய் உட்கார்ந்துவிடுவேன். எந்த வாசத்துக்கு வாயூறி நின்றேனோ அதற்கே உடம்பு நடுங்கியது.

ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரத்தில் மகளைக் காணோம். குளியலறைக் கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றிருந்தாள். சாப்பிட்டது ரசம் சோறுதான்.

"அம்மா, எனக்குத் தொண்ட வீங்கியிருக்குதா, பாருங்க."

"இல்ல சாமி. ஏன்?"

"தெனமும் பாத்துக்குவேன்மா. நீங்க பாப்பீங்கல்ல, அது மாதிரி."

அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட நான் இவ்வளவு பயப்படவில்லை. அன்றைக்கே டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன்.

பரிசோதனைக்கு மீனை வீட்டிலிருந்தே சமைத்துக் கொண்டுவரச் சொன்னார்கள். அடுப்பு, சட்டி எதிலும் இறால் பட்டிருக்கக் கூடாது. கணவர் புதுச் சட்டி வாங்கிவந்தார். சங்கராவை நான் தொடமாட்டேன் என்றதும் அவரே வேகவைத்தார். பதற்றத்தில் உப்புப் போட மறந்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்காரவைத்துக் கையில் ஊசிக்குழாய் பொருத்தினார்கள். மகளை வரவேண்டாம் என்றேன், கேட்கவில்லை. நர்ஸ் ஒரு அரிசி அளவு மீனை என் நாக்கில் வைத்தார். விழுங்கினேன். காத்திருந்தோம். அடுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக. மறுபடி காத்திருப்பு. மூன்றாவது துண்டுக்குப் பிறகு புறங்கை அரித்தது.

"வந்திருச்சுங்க, வந்திருச்சு!" என்று கத்திவிட்டேன். நெஞ்சு படபடத்தது. மூச்சு நிஜமாகவே குறைந்தது. கணவர் எழுந்து நின்றார். டாக்டரம்மா ஓடிவந்து மார்பில் குழல் வைத்துக் கேட்டார், தொண்டையைப் பார்த்தார், பிரஷர் பார்த்தார். கடைசியில் என் புறங்கையைத் திருப்பினார்.

"ஊசிக்குழாய்க்குப் பிளாஸ்திரி ஒட்டின எடம் செவந்திருக்குதுங்க. அதான் அரிக்குது. மூச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. பயத்துக்கும் இப்படித்தான் ஆகும். தொடரலாமா, நிறுத்திக்கலாமா?"

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தொடரலாமுங்க" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு மீதித் துண்டுகளையும் விழுங்கினேன். ருசி எதுவும் தெரியவில்லை. சாயங்காலம் வரை வைத்திருந்து அனுப்பினார்கள். ஒன்றும் ஆகவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மீன் வருகிறது. சங்கராவும் அயிலையும் சாப்பிடுகிறேன். மகளுக்கு நெத்திலிதான் உயிர். கண்ணாடி முன்னால் நிற்பதை அவள் மெல்ல விட்டுவிட்டாள். ஆனால் பயம் என்னை விட்டுப் போய்விட்டது என்று சொன்னால் பொய். முதல் வாய் போட்டதும் நான் பேச்சை நிறுத்திவிடுவேன். உடம்பு ஏதாவது சொல்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். அது வரை கணவரும் சாப்பிடாமல் காத்திருப்பார்.

போன மாதம் ஆனைமலையில் உறவினர் வீட்டுக் கறிவிருந்து. ஆழியாறு அணை மீன் என்று சொல்லி இலையில் பொரித்த துண்டு வைத்தார்கள். பொன்னிறமாக, கறிவேப்பிலையோடு. நாக்கில் தண்ணீர் ஊறியது. நான் பிய்த்து வாயில் வைப்பதற்கு முன் பக்கத்து இலையிலிருந்து மகள் கேட்டாள்.

"ஏனுங்ணா, இந்த எண்ணெயில வேற என்ன பொரிச்சீங்க?"

பரிமாறியவர் சிரித்தார். "காலையில இறாலு போட்டோமுங்க. தீந்துபோச்சு கண்ணு, கடைசிப் பந்திக்கு இல்லீங்களே."

இலையிலிருந்து கையை எடுத்தேன். விரல் நுனியில் மீன் எண்ணெய் பட்டிருந்தது. நான் எழுந்து போய்க் குழாயடியில் கையைக் கழுவினேன், மறுபடி கழுவினேன். மகள் பின்னாலேயே வந்து, என் பையைத் திறந்து, மருந்து டப்பாவைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் பதற்றமில்லை. நான்தான் எச்சிலை விழுங்கி விழுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விருந்து முடியும் வரை இருவரும் அந்தக் குழாயடியிலேயே நின்றோம். கணவர் வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். அதைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினோம்.