பின்வரிசைக்குப் போன கதிரை

காலையில் தொலைபேசி அடித்தபோது வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மங்களம் பேசினாள். "ரீச்சர், பரமநாதன் அண்ணை எங்களை விட்டிட்டுப் போட்டார். நித்திரையிலேயே போயிருக்கிறார்." பிறகு சொன்னாள்: "ஆரையும் கரைச்சல்படுத்தாமல் போயிருக்கிறார், பாருங்கோ."

யாருக்கும் தொந்தரவு தராமல் என்ற அந்த வார்த்தை, அவரை அறிந்தவர்களுக்கு விளங்கும். கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். மனைவியை அங்கேயே இழந்தார். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு ரொறன்ரோ வந்து, தொழிற்சாலையில் பெட்டி அடுக்கப் போனார். அதற்கும் கந்தோர் நாட்களைப்போலக் கழுத்தில் ரை கட்டிக்கொண்டுதான் போவார். "அங்கை ஒருத்தரும் கட்டிறேல்லையே, அண்ணை?" என்று கேட்டேன். "கட்டாமல் வரச்சொல்லியும் ஒருத்தரும் சொல்லேல்லை, ரீச்சர்" என்றார்.

அவருடைய கூச்சத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் மணிக்கயிற்றை இழுக்கமாட்டார். வேறு யாராவது இழுக்கட்டும் என்று காத்திருப்பார். யாரும் இழுக்காவிட்டால் அடுத்த தரிப்பிலோ அதற்கடுத்ததிலோ இறங்கிப் பனிக்குள் திரும்பி நடந்து வருவார். "எனக்காக ஒரு பஸ்ஸை நிப்பாட்டிறதே?" என்பார்.

அப்படிப்பட்ட மனிதர்தான் ஞாயிறு பின்னேரங்களில் மோர்னிங்சைட் பகுதியில் இருந்த தம் வீட்டுக்கு எங்களைக் கூப்பிட்டு, பழைய ருஷ்யச் சிறுகதைகளை வாசித்துக் காட்டினார். மொஸ்கோவில் தமிழில் அச்சாகி வந்த, தடித்த தாள் புத்தகங்கள். புதிதாக எது வந்தாலும் நடுங்குகிறவர்கள், மேலிடம் என்ன நினைக்கும், பக்கத்து வீடு என்ன சொல்லும் என்றே வாழ்ந்து முடிக்கிறவர்கள் அவற்றில் நிறைய வருவார்கள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அவர் விரலை உள்ளே வைத்துப் புத்தகத்தை மூடுவார்.

"சிரியுங்கோ. ஆனால் தள்ளி நிண்டு சிரியாதேங்கோ. உவன் எங்கடை ஆள்."

இன்னொரு நாள் சொன்னார்: "பயம் ஒராளிலை தனிய நிக்காது, ரீச்சர். ஊர் முழுக்கச் சேர்ந்துதான் அதைப் பிடிச்சு வைச்சிருக்குது."

மங்களமும் அந்த வாசிப்புக்கு வருவாள். அதே கலவரத்தில் கணவனைப் பறிகொடுத்து, மகள் சுகந்தியுடன் வந்தவள். சுகந்தி வயதுக்கு வந்ததும் அவளுக்குச் சாமத்தியவீடு செய்ய ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்தாள். அவளுடைய தம்பி யாழ்ப்பாணத்தில் சண்டைக்குள் அகப்பட்டிருந்ததால், தாய்மாமன் இடத்தில் நிற்கப் பரமநாதன் அண்ணையைக் கேட்டாள். அவர் முதலில் பதறினார். பிறகு புது ரை வாங்கினார்.

அன்று மேடைக்கு முன்னால் அவருக்குத் தனிக் கதிரை போட்டிருந்தார்கள். சுகந்தி சேலை கட்டி மேலே நின்றாள். அவளுக்குச் சுற்ற, விளக்கேற்றிய ஆலாத்தித் தட்டு வந்தது. மங்களம் முன்னால் வரப் பார்த்தாள். காரியங்களை முன்நின்று நடத்திய இராசம்மா அன்ரி அவள் தோளைத் தொட்டு, "நீர் பின்னாலை போய் இரும், பிள்ளை. நல்ல காரியம் நடக்கேக்கை... உமக்குத் தெரியும்தானே" என்றார். மங்களத்துக்குத் தெரியும். மகளைப் பார்த்தபடியே நடந்து, கடைசி வரிசையில் போய்த் தனியே இருந்தாள். நான் எழும்ப முன்னமே முன்னால் ஒரு கதிரை கிறீச்சிட்டது.

பரமநாதன் அண்ணை கதிரையை மடித்துத் தூக்கிக்கொண்டு நடுவழியால் நடந்துகொண்டிருந்தார். கதிரை இடித்தவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டார்.

"அண்ணை, எங்கை போறியள்? மாமன் அங்கையெல்லோ இருக்கவேணும்!" என்றார் இராசம்மா அன்ரி.

"என்ரை மனிசியும் செத்துப்போச்சு, தங்கச்சி. எனக்கு முன்னுக்கு இடம், உவவுக்குப் பின்னுக்கு எண்டால், நான் இருந்தது பிழையான இடம்." மங்களத்தின் பக்கத்தில் கதிரையை விரித்து அமர்ந்தார்.

யாரோ சத்தமாகச் சொன்னார்கள்: "அண்ணை, சோறு ஆறுது. உது உங்கடை ருஷ்யக் கதையில்லை!"

"ஓம், தெரியும். கதையெண்டால் நான் எழும்பியிருக்கமாட்டன்."

முதலில் சிரித்தது இராசம்மா அன்ரிதான். மேடையிலிருந்து சுகந்தி, "அம்மா, பிளீஸ், வாங்கோ. அங்கிள், நீங்களும்" என்று கூப்பிட்டாள். மங்களம் எழும்பவில்லை. இராசம்மா அன்ரி ஆலாத்தித் தட்டோடு கடைசி வரிசை வரைக்கும் வந்து நின்றார். "பிடியுமன் பிள்ளை மற்றப் பக்கத்தை. எனக்குக் கை நோகுது." இருவரும் மேடையேறி, சேர்ந்துதான் அதைச் சுகந்திக்குச் சுற்றினார்கள்.

அடுத்த ஞாயிறு நாங்கள் அதைப்பற்றிப் பேச்செடுத்தபோது அண்ணை தேத்தண்ணி போடப் போய்விட்டார். அந்தக் கிழமையும் பஸ்ஸில் மணிக்கயிற்றை இழுக்காமல், குளிரில் காது சிவக்க நடந்துதான் வீட்டுக்குப் போனார். ஒரு நாளில் ஆள் மாறிவிட்டார் என்று நான் சொன்னால் அது பொய். முன்னால் போக அவருக்குத் துணிவு வந்ததேயில்லை. பின்னால் போகத்தான் வந்தது. அதற்கும் துணிவு வேண்டும் என்பதை, இத்தனை வருடம் வகுப்பெடுத்த நான் அன்றுதான் பார்த்தேன்.

இறுதிச் சடங்கில் மங்களம் முன்வரிசையில் இருந்தாள். அவளை யாரும் எழுப்பவில்லை.

அவருடைய புத்தகங்களை நண்பர்கள் பகிர்ந்துகொண்டார்கள். நான் ஒன்றும் எடுக்கவில்லை. என்னிடம் இருப்பது ஒரு பழக்கம். இப்போது எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் கடைசி வரிசைக்குத்தான் போகிறது. அங்கே யாராவது தனியே இருந்தால், பக்கத்தில் ஒரு கதிரையை விரிக்கிறேன்.