வேலும் மயிலுமாக எழுதிய பெயர்

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். அவர்கள் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டியதுதான் என் படிப்பு. இதை எழுத ஒன்பது நாள் ஆயிற்று.

போன வாரம் பேத்தி தன் புத்தகத்தில் ஒரு படத்தைக் காட்டினாள். மெக்சிகோவில் நாவாட்ல் மொழி பேசியவர்கள் அந்தக் காலத்தில் ஓர் ஆளின் தலையை வரைந்து, அதிலிருந்து கோடு இழுத்து, கோட்டின் முனையில் அவர் பெயரைப் படமாகப் போடுவார்களாம். புகை கிளம்பும் கேடயம் ஒன்று இருந்தது. அதுதான் அந்த ராஜாவின் பெயராம். பேத்திக்கு அதிசயம். எனக்கு அதிசயமில்லை. நானும் ஒரு பெயரை அப்படி எழுதியவள்தான்.

அறுபதுகளின் கடைசி, கல்யாணமாகி மூன்றாம் வருஷம். என் வீட்டுக்காரருக்குத் தச்சு வேலை. பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டில் உத்தரம் மாற்றும்போது சாரம் சரிந்து, மூன்று பேரைக் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதில் ஒருவர் வழியிலேயே போய்விட்டதாக, நான் ஆஸ்பத்திரிக்குப் போன பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் பெயர் கேட்டார். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். மற்ற நாளில் சொல்லாதவள், அன்றைக்கா சொல்வேன்?

"அவுகதாங்கய்யா, சாரத்துலருந்து விழுந்தவுக."

"மூணு பேரும் அதுலருந்துதாம்மா விழுந்தாக. பேரச் சொல்லு."

பின்னால் நின்ற கிழவி, "வாயத் தொறந்தா முத்தா கொட்டிரும்? சொல்லித் தொலையேன் ஆத்தா" என்று ஏசினாள்.

மேசையில் கிடந்த பென்சிலை எடுத்தேன். சீட்டின் பின்புறம் ஒரு வேல், பக்கத்தில் ஒரு மயில். கோலம் போட்டுப் பழகிய கைதானே. சீட்டு எழுதுகிறவர் பார்த்துவிட்டுப் பெயரைச் சொன்னார். தலையாட்டினேன். நோட்டைப் புரட்டி முடிக்கும்வரை அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காலுதான் ஒடிஞ்சிருக்கு. அங்குட்டுப் போ, மூணாவது கட்டில்."

காலில் கட்டோடு கிடந்த என் வீட்டுக்காரர், நான் நடந்ததைச் சொல்லக் கேட்டுவிட்டு, "மயிலுக்குத் தோகை போட்டியா புள்ள?" என்றார்.

"ரெண்டு எறகு போட்டேன். அவசரம்."

"அப்ப அது கோழி. என்னையக் கோழியாக்கிட்ட."

வராந்தாவில் இன்னொருத்தி அழுதுகொண்டிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தோம்.

அவர் போய்ப் பதினோரு வருஷம். இனிக் குறைய ஆயுசு இல்லை. வீட்டில் யாருமில்லாத ஒரு மத்தியானம் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்க்க வாயைத் திறந்தேன். நாக்கு எழவில்லை. பெயர் சொல்லி அவரைக் கூப்பிட்ட மாமியாரும் இல்லை, கூட்டாளிகளும் இல்லை. அது காதில் விழுந்தே வெகுகாலம் ஆகிறது.

இந்தக் காகிதத்தின் அடியில் அவர் தலையை வரைந்து, கோடு இழுத்துப் பெயரைப் போட்டிருக்கிறேன். வாசிக்கப் பேத்தியைக் கூப்பிட வேண்டும். ஆத்தா, இங்குட்டு வந்து உக்காரு. மொதல்லருந்து வாசி. கடைசியில படம் வரும். அத மட்டும் கொஞ்சம் சத்தமா வாசி.