வாத்துப் படம் போட்ட மாட்டுத் தீவனம்

1. டிரையரின் வாயில்

மாட்டுத் தீவனம் விற்கிற வேலையிலேயே தலை நரைத்தவன் நான். புண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டை எதுவானாலும் கையில் அள்ளிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவேன் என்று ஒரு மிதப்பு அந்தக் காலத்தில் உண்டு. சுனாமிக்குச் சில வருடங்கள் கழித்து, தானியத்திலிருந்து ஸ்பிரிட் எடுக்கிற ஆலைகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தன. வடித்த பிறகு மலைபோல் குவிகிற சக்கைக்கு உபயோகம் கண்டுபிடித்து ஊர் ஊராகப் பரப்புவதுதான் சங்கத்தின் வேலை. கோழிக்கு ஓர் ஆள், மீனுக்கு ஓர் ஆள் என்று பிரித்தார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து மாடுகளை என் தலையில் கட்டினார்கள்.

முதல் நாள் ஆந்திரப் பக்கம் ஓர் ஆலைக்குக் கூட்டிப் போனார்கள். சாராய ஆலையில் என்ன பார்க்கக் கிடக்கிறது என்று அரை மனதோடுதான் போனேன். லாரி லாரியாக மக்காச்சோளம் உள்ளே போகிறது. அரைத்து, வேகவைத்து, ஈஸ்ட் போட்டுப் புளிக்க விடுகிறார்கள். சோளத்தின் மாவுச்சத்து முழுவதும் ஸ்பிரிட்டாக மாறிப் போய்விடுகிறது. மிஞ்சுகிற சக்கையைப் பிழிந்து, வீட்டை விடப் பெரிய டிரையர் ஒன்றுக்குள் தள்ளுகிறார்கள். அதன் மறு வாயில் பொன்நிறப் பொடி சூடாகக் கொட்டிக்கொண்டே இருந்தது. பேக்கரி வாசலில் நிற்கிற மாதிரி வாசம்.

“மாவு போயிடுச்சு சார். ஆனா புரோட்டீனும் கொழுப்பும் எங்கயும் போகல. சோளத்துல இருந்ததுக்கு மூணு பங்கா இதுல நிக்குது” என்றார் பிளாண்ட் இன்ஜினியர்.

நான் அந்தப் பொடியை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வியந்து நின்றேன். மனிதன் போதைக்காக ஒன்றை உருவி எடுத்துக்கொள்கிறான். அவன் எடுக்க எடுக்க, மாட்டுக்கு வேண்டியது கூடிக்கொண்டே போகிறது. இத்தனை வருடம் தீவனத்தில் புரண்ட எனக்கு இது தெரியாமல் போயிற்றே என்று இருந்தது.

2. சொல்லக் கூடாத சொல்

எங்கள் ரீஜனல் மேனேஜர் ராகவன் சார் சென்னைக்காரர். நல்ல மனிதர்தான், விளம்பரத்தில் மட்டும் கொஞ்சம் அதிக நம்பிக்கை. ஊருக்குக் கிளம்புகிறபோது சொல்லி அனுப்பினார்: “சாராயம்ங்கிற வார்த்தையே உங்க வாய்ல வரக் கூடாது. சோளப் புரோட்டீன்னு சொல்லுங்க. கேட்டா பேச்சை மாத்திடுங்க.”

கருங்கல்லில் பெண்களே நடத்துகிற ஒரு பால் சங்கம் இருந்தது. அதற்குச் செயலாளர் கிரேஸ் அக்கா. எனக்கு வயதில் இளையவர்தான், ஆனாலும் ஊரே அக்கா என்றதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். அந்தப் பக்கத்து வயல்கள் எல்லாம் வாழையும் ரப்பருமாக மாறிவிட்டதால் வைக்கோலுக்கு வெளியூர் லாரியை எதிர்பார்க்க வேண்டிய நிலை. புண்ணாக்கோ கைக்கு எட்டாத விலை. கிரேஸ் அக்காவின் செவலைப் பசு விலா எலும்பு தெரிய நின்றது. தரகர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். அடுத்த சந்தைக்கு அது லாரி ஏறிக் களியக்காவிளை செக்போஸ்ட் தாண்டிக் கேரளத்துக்குள் போய்விடும், அங்கே எந்தக் கத்திக்குப் போகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

நான் சாம்பிள் பையைத் திறந்ததுமே அவர் இரண்டடி பின்னால் போனார்.

“இது வாத்துப் பொடியாக்கும். எங்களுக்கு அறிவு கிட்டியாச்சு. லாரிக்காரன் சொன்னான்.”

எங்கள் பக்கம் சாராயம் காய்ச்சுவதை ‘வாற்றுவது’ என்போம். பேச்சில் அது ‘வாத்து’ என்றுதான் விழும். ஒரு சொல்லைச் சொல்லாதே என்று சென்னையில் கட்டளை போட்டிருந்தார்கள். அந்தச் சொல்லே எனக்கு முந்திக் கருங்கல் வந்து உட்கார்ந்திருந்தது.

“எனக்க வீட்டுக்காரரு குடிச்சுக் குடிச்சே செத்தவராக்கும், சாரே. அவரை அடக்கம் செய்த அண்ணைக்கு நான் ஒரு பொருத்தனை செய்தேன். இனி அந்தச் சவம் பிடிச்ச சாராயம் ஒரு துளி எனக்க காம்பவுண்டுக்குள்ள வரப்பிடாதுன்னு. செவலை போனாலும் போட்டும். கர்த்தருக்குக் குடுத்த வாக்கு போவாது.”

அந்தப் பசுவை விட்டால் அவருக்கு வேறு வருமானம் கிடையாது. அது தெரிந்தும் அவர் குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. நான் பையைக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

3. பார்சல்

அன்று பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு பண்ணைக்குப் போகிற பஸ்ஸில் இருந்தபோது ராகவன் சார் போன் பண்ணினார்.

“சார், இங்க எல்லாரும் இதை வாத்துப் பொடின்னு சொல்லுறாங்க சார். அதுதான் பிரச்சினையே...”

“வாத்தா? அங்க அவ்வளவு வாத்து வளக்குறாங்களா? இதை ஏன்யா முன்னாடியே சொல்லல?”

நான் விளக்குவதற்குள் பஸ் மலையடிவாரத்துக்குப் போய்விட்டது, சிக்னலும் போய்விட்டது. பிறகு அவர் மீட்டிங்கில் இருந்தார். பிறகு நான் மறந்துபோனேன்.

அடுத்த வாரம் பால் சங்கத்துப் பெண்களுக்குச் சர்ச்சின் சிறிய ஹாலில், முன்பே ஏற்பாடு செய்திருந்த கூட்டம். சந்தைக்கு முந்தின நாள். எனக்கென்று சென்னையிலிருந்து ஒரு பெரிய பார்சல் வந்து மேஜை மேல் இருந்தது. போஸ்டராக இருக்கும், எடுத்து மாட்டிவிட்டுப் பேசலாம் என்று எல்லார் முன்னாலும் பிரித்தேன்.

வழவழப்பான தாளில் ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளை வாத்து. கீழே கொட்டை எழுத்தில், ‘வாத்து வளர்ப்போருக்கு ஒரு வரப்பிரசாதம்!’

பெண்கள் போஸ்டரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: “ஏட்டி மேரி, உனக்க வீட்டுல வாத்து எத்தற உண்டு?”

இன்னொருத்தி எழுந்தே நின்றுவிட்டாள். “சாரே, இது வாத்துக்கு உள்ளதா, வாத்தினதுல உள்ளதா?”

ஹாலே குலுங்கியது. கிரேஸ் அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. ஆனால் வேறு வழியில்லாமல் நானும் சிரித்துவிட்டேன்.

4. கேள்வி

சிரிப்பு அடங்கியதும் கிரேஸ் அக்கா எழுந்தார். முகம் மாறியிருந்தது.

“சிரிச்சது சிரிச்சாச்சு. இனி கர்த்தரை முன்னிறுத்திச் சொல்லணும், சாரே. இது வாத்தினதா, இல்லியா?”

பேச்சை மாற்றுவது எனக்குக் கைவந்த கலைதான். புரோட்டீன், செரிமானம் என்று அரை மணி நேரம் ஓட்டியிருப்பேன். ஆனால் அந்தப் பெண்ணின் ஒரே பசுவும், கடவுளுக்குக் கொடுத்த வாக்கும் அந்தக் கேள்வியில் இருந்தன. பொய் சொல்லி ஒன்றைக் காப்பாற்றினால் மற்றதை நானே உடைத்தவனாவேன்.

“ஆமா அக்கா. வாத்தினதுல மிஞ்சினதுதான். ஸ்பிரிட்டைத் தனியா எடுத்திருவாங்க. இந்தச் சக்கையை டிரையர்ல போட்டுக் காய வைப்பாங்க. அந்தச் சூட்டுல இதுல போதைன்னு ஒண்ணும் நிக்காது. ஆனா இது பிறந்த இடம் அதுதான்.”

வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். கிரேஸ் அக்கா மேஜைக்கு வந்து பொடியை ஒரு கை அள்ளி, மூக்கருகே கொண்டுபோனார். அந்த நாற்றத்தோடு பல வருடம் குடித்தனம் நடத்தியவர் அவர். அவர் மூக்கை எந்த லேபும் ஏமாற்ற முடியாது. வெகு நேரம் மோந்து பார்த்தார், அந்த நாற்றம் தட்டுப்படவில்லை போலும்.

“அப்பம், குடிக்கியவனுக்கு உள்ளதை அவன் எடுத்தாச்சு?”

“எடுத்தாச்சு.”

“இது அவனுக்கு வேண்டாம்னு விட்டது?”

“ஆமா அக்கா.”

அவர் பெண்கள் பக்கம் திரும்பினார்.

“எனக்க மாப்பிள குடிச்சுத் தீத்தது போவ, மிச்சம் உள்ளதை வச்சுத்தான் நான் ரெண்டு பிள்ளையளை வளத்தேன். ஒரு நாளாவது அந்த மிச்சத்தைப் பாவம்னு சொன்னேனா? பின்னே இதை மட்டும் எதுக்குச் சொல்லணும்? மிச்சம் எப்பமும் நமக்கு உள்ளதாக்கும்.”

டிரையரின் வாயில் நின்று வியந்தவன் நான். அந்த ஆலை சோளத்தைத்தான் பிரித்தது. இந்தப் பெண் தன் வாழ்க்கையையே பிரித்து, நஞ்சு இது, சத்து இது என்று எங்கள் முன்னால் வைத்துவிட்டார். அதற்கு முன்பும் பின்பும் அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை.

அன்று மாலையே அவர் தொழுவத்துக்குப் போனோம். முதலில் ஒரு கைப்பிடிதான், புண்ணாக்கோடு கலந்து, பிறகு மெல்ல மெல்லக் கூட்டவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். எடுத்ததும் நிறைய வைத்தால் மாட்டுக்கு வயிறு கெடும். செவலை மூக்கை வைத்து ஊதியது. பொடி பறந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“தின்னு மக்களே, சீத்தையில்ல, நல்லதாக்கும்” என்று கிரேஸ் அக்கா உள்ளங்கையில் வைத்து நீட்டினார். செவலை ஒரு தடவை நக்கியது. பிறகு தொட்டியில் முகத்தை வைத்தது, வழித்துத் தின்று முடிக்கிறவரை எடுக்கவில்லை.

மறுநாள் தரகர் கயிற்றோடு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். “செவலை வரல்ல, அண்ணே” என்று கிரேஸ் அக்கா படியில் நின்றே சொல்லி அனுப்பிவிட்டார்.

ராகவன் சாரும் போன் பண்ணினார். “என்னய்யா, வாத்து போஸ்டர் ஒர்க் அவுட் ஆச்சா?”

“ரொம்ப நல்லா ஆச்சு சார். மாடுகளுக்கு.”

5. பெயர்

எங்கள் ஆலைச் சங்கம் அந்தப் பொடிக்கு ஆங்கிலத்தில் என்னென்னவோ பெயர் வைத்துப் பார்த்தது. ஒன்றும் நிற்கவில்லை. கருங்கல் கடைகளில் பெண்கள் வந்து “மிச்சப் பொடி வந்தாச்சா?” என்றுதான் கேட்டார்கள். கடைசியில் கடைக்காரர்களும் அப்படியே போர்டு எழுதிவிட்டார்கள்.

இந்தத் தொழிலுக்கு வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். பொருள் எங்கே பிறந்தது என்று வாங்குகிறவர் கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். அதற்குப் பெயர் வைக்க உங்களை விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஓய்வு பெறுவதற்கு முன்னால் ஒருமுறை கிரேஸ் அக்கா வீட்டுக்குப் போனேன். தொழுவத்தில் செவலையும் அதன் மகளும் பேத்தியும் நின்றன. எங்கள் ஊர் மழைக்கு ஈரம் பட்டால் பொடி பூசணம் பிடித்துவிடும் என்பதால் மூட்டைகளை வீட்டுக்குள்ளேயே பலகை போட்டு அடுக்கியிருந்தார். நேர் மேலே சுவரில், மாலை போட்ட கணவர் படம்.

நான் படத்தையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

“அவருக்குக் கீழதான் அடுக்குவேன், சாரே” என்றார். “அவரு விட்டுட்டுப் போனது என்னன்னு இருந்து பாக்கட்டும்.”